பத்து நாளில் நான்கு தலம்: யார் முதுகில்?

தோழர்களே,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயில் கேண்டீனில் தோசைக்குக் காத்திருந்தோம். பெரியம்மா தன் போனை என் பக்கம் நகர்த்தினார். "இந்த ஷீட்டைக் கொஞ்சம் சரிபார்த்துக் குடுடி. ஏஜென்ட் அனுப்பியிருக்கார். நாள் கணக்கு எனக்குப் புரியல."

பார்த்தேன். சார் தாம் யாத்திரை. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத். சனிக்கிழமை நெவார்க்கில் விமானம் ஏறினால் அடுத்த திங்கள் கழித்து வரும் திங்கள் வீட்டில் இருக்கலாம். டேராடூனிலிருந்து ஹெலிகாப்டர், ஆறு நாளில் நான்கு தலமும் முடிந்துவிடும். எல்லா வரிசையிலும் "விஐபி தரிசனம்: உண்டு". மொத்தம் பத்து நாள். அம்மாவுக்குச் சேர்ந்தாற்போல் கிடைக்கும் லீவு ஆறு நாள், முன்னும் பின்னும் சனி ஞாயிறு. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

எனக்குக் கோபம் வந்தது. "அம்மா, இது யாத்திரையே இல்ல. மோடி அரசோட விளம்பரத்துக்குக் காசு கட்டுறீங்க. மலையை வெடி வச்சுப் பிளந்து ரோடு போடுறான். அங்க போய் என்ன கும்பிடப் போறீங்க?" என்று ஆரம்பித்து, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பேசினேன். அம்மா தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "சரி, ஹெலிகாப்டர் வேணாம். போன வருஷம்தான் முழங்கால் மாத்தியிருக்கு. பதினாறு கிலோமீட்டர் மலை ஏறணும். என்னை யார் சுமப்பா? நீயா?"

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்கான பதில் முயற்சி. ஏஜென்ட்மார்களுக்கு எதிராக எழுதுவது சுலபம். நான் முதலில் நமக்கு எதிராகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நம்ம தரப்பின் சோம்பல்

2022 ஆகஸ்டில் எடிசனில் இந்திய சுதந்திர தின ஊர்வலத்தில் புல்டோசர் வந்தது. அது எதற்கான அடையாளம் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க நம்மில் பலர் ராப்பகலாக உழைத்தோம். 2021இல் ராபின்ஸ்வில் கோயில் கட்டுமானத் தொழிலாளர்கள் கூலி கேட்டு வழக்குப் போட்டபோது அவர்கள் பக்கம் நின்றோம். கோயில் அமைப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது, அரசு விசாரணையும் பின்னால் குற்றச்சாட்டு பதிவாகாமலே முடிந்தது. ஆனாலும் கல் செதுக்கினவன் யார், அவனுக்கு என்ன கூலி என்று கேட்டது சரியான கேள்விதான்.

இதே நாம் வீட்டுச் சமையலறை மேசையில் யாத்திரைத் திட்டம் விரியும்போது என்ன செய்கிறோம்? இரண்டில் ஒன்று. ஒன்று, கண்ணை உருட்டிவிட்டு மாடிக்குப் போகிறோம். அல்லது என்னைப் போலக் கேண்டீனில் ஒரு சொற்பொழிவு. பெரியார் படித்த தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கடவுளே இல்லைங்கறப்ப அவரைப் பார்க்க எந்த வழியில போனா என்ன?" நல்ல நகைச்சுவை. ஆனால் வழி இருக்கிறதே. வழியில் மனிதர்கள் இருக்கிறார்களே. கடவுள் இல்லை என்பவருக்குத்தான் அந்த மனிதர்கள் மேல் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும்.

நாம் கண்ணை உருட்டினாலும் சொற்பொழிவு ஆற்றினாலும் ஜெயிப்பது ஏஜென்ட்தான். அம்மாவோடு உட்கார்ந்து அந்த ஷீட்டைத் திறந்து வைத்துப் பேச வேறு ஆளே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: பக்தி நம் எதிரி இல்லை. அவசரம்தான் எதிரி. இமயமலையில் கொல்வது பெரும்பாலும் விற்கப்படும் அவசரம். அந்த அவசரத்தை டாலர் கொடுத்து வாங்குகிற கூட்டத்தில் நம் குடும்பங்களும் உண்டு.

ஷீட்டில் இல்லாத பத்திகள்

அன்று இரவு அம்மாவின் ஷீட்டை என் லேப்டாப்பில் திறந்து, ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் காலியாக ஒரு பத்தி சேர்த்தேன். தலைப்பு: "இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?"

முதல் வரிசை ஹெலிகாப்டர். 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் மலையில் மோதி விமானியோடு சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். 2025 யாத்திரைப் பருவத்தில் மே 8க்கும் ஜூன் 15க்கும் இடையில் மட்டும் உத்தராகண்டில் ஐந்து ஹெலிகாப்டர் சம்பவங்கள். மே 8 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் ஆறு பேர் பலி. ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் அருகே ஏழு பேர் பலி, அதில் ஒரு கைக்குழந்தை. குறுகலான பள்ளத்தாக்கு, நிமிஷத்தில் இறங்கும் மேகம், அடுத்த ட்ரிப்புக்குக் காத்திருக்கும் வரிசை. அங்கே கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்று சொல்பவருக்கு நஷ்டம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஓரிரு நாள் நிறுத்துவார்கள், பிறகு பறக்கும்.

உடம்புக் கணக்கும் அந்த ஷீட்டில் இல்லை. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். மலையேறுபவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது: 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. நியூ ஜெர்சி சமவெளியிலிருந்து, நேர வித்தியாசத்தின் தூக்கக் கலக்கத்தோடு, அறுபது வயது இதயத்தை ஒரே காலையில் அங்கே கொண்டுபோய் இறக்குவதற்குப் பெயர் "சௌகரியம்". 2022 பருவத்தில் மட்டும் நான்கு தலங்களின் வழியில் இருநூறுக்கும் மேற்பட்ட யாத்ரீகர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் மாரடைப்பு, உயரம் தந்த கோளாறு.

இரண்டாவது வரிசை, சாலை. 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டிய சார் தாம் நெடுஞ்சாலைத் திட்டம் சுமார் 889 கிலோமீட்டர், ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய். ஒரே திட்டமாக எடுத்துக்கொண்டால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும். 100 கிலோமீட்டருக்கும் குறைவான 53 துண்டுகளாகப் பிரித்தார்கள், மதிப்பீடு தேவைப்படாமல் போனது. உச்ச நீதிமன்றம் ரவி சோப்ரா தலைமையில் உயர் அதிகாரக் குழு அமைத்தது. 2020 செப்டம்பரில் சாலையின் அகலம் 5.5 மீட்டர் போதும் என்று தீர்ப்பு வந்தது. 2021 டிசம்பரில் அதே நீதிமன்றம், ராணுவத் தேவை என்ற அரசின் வாதத்தை ஏற்று, இருவழிச் சாலைக்கு அனுமதி கொடுத்தது. சோப்ரா மனம் வெறுத்துப் பதவி விலகினார். ராணுவத்துக்காக என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள், மேடையிலும் பேனரிலும் பக்தர்களுக்காக என்றார்கள். நம் அம்மாக்களின் பெயரில்தான் அந்த மலை செங்குத்தாக வெட்டப்பட்டது.

மூன்றாவது, அந்தச் சாலைக்குள் இருப்பவர்கள். 2023 நவம்பர் 12, தீபாவளி நாள். யமுனோத்ரி வழியில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் என்று ஊர் ஊராக வந்த கூலிகள். பதினேழு நாள். வெளிநாட்டு இயந்திரம் உடைந்து நின்ற இடத்தில், கடைசிச் சில மீட்டரைக் கையால் தோண்டி அவர்களை மீட்டது எலிவளைச் சுரங்கம் தோண்டும் தொழிலாளர்கள். அந்த வேலை முறையே ஆபத்தானது என்று தடை செய்யப்பட்ட ஒன்று. தடை செய்யப்பட்ட தொழிலைத் தெரிந்தவர்களின் கை தேவைப்பட்டது, தேசமே கைதட்டியது. சுரங்க வேலையும் தொடர்ந்தது.

நான்காவது, வழியில் இருக்கும் ஊர்கள். பத்ரிநாத் போகும் பாதையில் ஜோஷிமட். 1976லேயே மிஸ்ரா குழு சொல்லிவிட்டது: இந்த ஊர் பழைய நிலச்சரிவின் மண்மேல் உட்கார்ந்திருக்கிறது, பெரிய கட்டுமானம் கூடாது. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரேணி கிராமம். 1974இல் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் திருப்பி அனுப்பிய ஊர். நாம் படிக்கும் ஒவ்வொரு சூழலியல் பாடத்திட்டத்திலும் சிப்கோ வரும். 2021 பிப்ரவரி 7 அன்று பாறையும் பனியும் சரிந்து அதே பள்ளத்தாக்கில் வெள்ளம் இறங்கியபோது இறந்தும் காணாமலும் போனவர்கள் இருநூறுக்கு மேல், பெரும்பாலும் நீர்மின் திட்டத் தொழிலாளர்கள். 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி வழியில் தராலி. வீடும் ஹோட்டலும் கடையும் சில நொடிகளில் சேற்றுக்குள் போன வீடியோவை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களும் ஃபார்வர்ட் செய்தன, கைகூப்பும் எமோஜியோடு. 2013 ஜூன் வெள்ளத்தில் உத்தராகண்டில் ஐயாயிரத்துக்கும் மேல் போனார்கள். அந்தப் பேரிடரிலிருந்து கற்ற பாடம் என்ன தெரியுமா? இன்னும் அகலமான சாலை, இன்னும் அதிகக் கூட்டம். பத்து வருஷம் கழித்து 2023இல் நான்கு தலங்களுக்கும் வந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

"அந்த ஐம்பது லட்சத்தில் நம்ம நியூ ஜெர்சிக்காரங்க எத்தனை பேர்?" என்று கேட்கலாம். ரொம்பக் குறைவு. ஆனால் எந்தச் சந்தையிலும் உச்சத்தில் இருக்கும் விலைதான் மற்றவர்களின் ஆசையைத் தீர்மானிக்கிறது. ஹெலிகாப்டர், விஐபி வரிசை, "ஒரே ட்ரிப்பில் நாலும்" என்பதெல்லாம் லீவு இல்லாத, காசு இருக்கிறவர்களுக்காகப் பிறந்த சரக்கு. இப்போது சோன்பிரயாக்கிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர் ரோப்கார் வருகிறது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், 4,081 கோடி ரூபாய். எட்டு ஒன்பது மணி நேரப் பயணம் 36 நிமிஷமாகுமாம். மிச்சமாகும் எட்டு மணி நேரத்தில் மேலே போய் நிற்கப்போகும் கூட்டத்தை அந்தச் சின்னப் பள்ளத்தாக்கு எங்கே வைக்கும் என்பதற்கு ஷீட்டில் பத்தி இல்லை.

சுமப்பவர்கள்

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஹெலிகாப்டர் வேண்டாமென்றால் கௌரிகுண்டில் மூன்று வழி. கோவேறு கழுதை. நாலு பேர் தூக்கும் பல்லக்கு. அல்லது கண்டி: முதுகில் கட்டிய கூடை, அதில் ஒரு மனிதர் உட்கார, அதை இன்னொரு மனிதர் தனியாகச் சுமந்து ஏறுவார். கட்டணம் பயணியின் எடையைப் பார்த்து.

முதன்முதலில் கண்டியின் படத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. கழுதைகளைப் பற்றிப் படித்தபோது இன்னும் மோசம். 2022 பருவத்தில் சோர்வாலும் நோயாலும் நூற்றுக்கணக்கில் செத்தன. 2025 மே தொடக்கத்தில் இரண்டே நாளில் 14 செத்து, சேவையையே நிறுத்தி வைத்தார்கள். உடனே எனக்குத் தோன்றியது: "மனுஷன் மேல மனுஷன் ஏறுறது அசிங்கம். பேசாம ரோப்காரே வரட்டும்."

இங்கேதான் நான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. இது என் கூச்சம். அவர்களின் கோரிக்கை இல்லை.

அவர்களின் கோரிக்கை என்ன என்று தெரிய வேண்டுமானால் கட்ராவைப் பாருங்கள். ஜம்முவில் வைஷ்ணோ தேவி மலையடிவாரம். 2024 நவம்பரில் அங்கே ரோப்கார் திட்டத்தை எதிர்த்துக் குதிரைக்காரர்களும் பல்லக்குத் தூக்குபவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸோடு மோதல் நடந்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் மறுபடியும் கடையடைப்பு, ஊரே நின்றது. "எங்கள் மேல் இரக்கப்பட்டு எங்கள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. வேலை வேண்டும், பிழைப்பு வேண்டும், எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்றார்கள். சுமப்பவர்களைப் பார்த்து நமக்கு வரும் வெட்கத்தைத் தீர்க்க அவர்களையே படத்திலிருந்து அழித்துவிடுவது இடதுசாரி வேலை கிடையாது. அது ரோப்கார் கம்பெனியின் வேலை.

சுமப்பது அவமானம் இல்லை, தோழர்களே. மருத்துவமனையில் அம்மாவுக்கு முழங்கால் மாற்றியபோது ஒரு நர்ஸ் உதவியாளர் அவரைத் தூக்கி உட்காரவைத்தார். அது வேலை. அந்த வேலைக்குச் சம்பளமும் காப்பீடும் ஓய்வும் சங்கமும் வேண்டும் என்றுதான் நாம் போராடுகிறோம், நோயாளி தானே எழுந்து நடக்கட்டும் என்று இல்லை. கௌரிகுண்டிலும் கேள்வி அதேதான். கட்டணத்தில் இடைத்தரகர் போக அவர் கைக்கு எவ்வளவு? மழையில் பாதை மூடினால் அந்த நாளுக்குக் கூலி உண்டா? இரவில் எங்கே தூங்குகிறார்? சரிந்து விழுந்தால் யார் பொறுப்பு?

யார் சுமக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நேபாளத்திலிருந்து வருபவர்கள், கர்வால் மலைக் கிராமத்தார், உத்தரப் பிரதேசச் சமவெளியிலிருந்து கழுதையோடு நடந்து வரும் ஏழை முஸ்லிம்கள். 2023 ஜூனில் யமுனோத்ரி பக்கம் புரோலா ஊரில் முஸ்லிம் கடைக்காரர்கள் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 2025 மார்ச்சில் கேதார்நாத் தொகுதியின் பாஜக எம்.எல்.ஏ., இந்து அல்லாதவர்கள் கேதார்நாத்துக்குள் வரத் தடை வேண்டும் என்று பேசினார். புனிதத்தைக் கெடுக்கிறார்களாம். யாத்ரீகரை ஏற்றிக்கொண்டு வரும் கழுதையின் கயிற்றைப் பிடித்து ஏறும் கை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம். இந்த நாட்டில் பாஸ்போர்ட் வரிசையில் நின்ற குடும்பங்களில் பிறந்த நமக்கு அந்த வாக்கியம் புதிதா என்ன?

அப்பர் திரும்பிய வழி

எங்கள் தாத்தா கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியர். கேதாரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பார்க்காமல் போனவர். அம்மா போக நினைப்பதற்குக் காரணம் அதுதான். எந்தக் கட்சியின் விளம்பரமும் இல்லை. கேண்டீனில் நான் கத்தியபோது இதை மறந்திருந்தேன்.

திருக்கேதாரம் தேவாரத் தலம். சம்பந்தரும் சுந்தரரும் பாடியது. ஆனால் பெரியபுராணக் கதைப்படி இருவருமே அங்கே போகவில்லை. காளத்தியில் நின்று, வடக்கே நோக்கி, அங்கிருந்தே பாடினார்கள். அப்பர் கயிலைக்கு நடந்தே போகிறார். கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, மார்பால் தவழ்ந்து, உடம்பே தேய்ந்த நிலையில் ஒரு முனிவர் தடுத்துத் திரும்பிப் போகச் சொல்கிறார். குளத்தில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுகிறார். கயிலையை அங்கே கண்டார் என்கிறது கதை. காரைக்கால் அம்மையார் இன்னும் ஒரு படி. அந்த மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து ஏறினாராம்.

நான் நம்பிக்கையுள்ளவள் இல்லை. ஆனால் இந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: மலைக்கு முன்னால் மனிதன் திரும்பி வரலாம், திரும்புவது தோல்வி இல்லை. திருமங்கையாழ்வார் பத்ரியைப் பாடும்போது, கோலூன்றித் தள்ளாடும் வயது வரும் முன்பே போய்விடு என்கிறார். நம் ஊரில் தலைகீழ். முப்பது வருஷம் லீவே எடுக்காமல் உழைத்து, முட்டி போன பிறகு, ஆறு நாளில் நாலு. யாத்திரையை இப்படிக் குறுக்கியது அமெரிக்க லீவுச் சட்டமும்தான். இந்த நாட்டில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று கூட்டரசுச் சட்டமே கிடையாது. அம்மாவின் ஆறு நாளுக்கும் கேதார்நாத் ஹெலிகாப்டருக்கும் நேர்க்கோடு போடலாம். அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டுவது நம்ம வேலை.

"அப்படின்னா இமயம் எதுக்கு, நம்ம திருவண்ணாமலையே போதுமே" என்று சித்தப்பா சொன்னார். பக்கத்து மலை என்றால் குற்றமற்றது என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த அண்ணாமலையின் சரிவு இடிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். மலையைச் சுற்றிப் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் நடக்கிறோம். அதன் சரிவில் குடியிருக்க வேறு இடமில்லாதவர்களைப் பார்த்ததில்லை.

என்ன செய்வது

மாடிக்குப் போகாதீர்கள். மேசையில் உட்காருங்கள். நான் கற்ற சிலதைச் சொல்கிறேன்.

முதலில், நாலை ஒன்றாக்குங்கள். ஒரு தலம், கூடுதல் நாள். வழியில் குப்தகாசியிலோ ருத்ரபிரயாகையிலோ இரண்டு இரவு தங்கினால் உடம்புக்கும் நல்லது, டீக்கடைக்கும் நல்லது. ஹெலிகாப்டரில் பறப்பவர் மலை ஊர்களில் ஒரு டீ கூடக் குடிப்பதில்லை.

இரண்டாவது, ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். பல்லக்குக்காரர், கழுதைக்காரர் கைக்குப் போகும் தொகை எவ்வளவு, காப்பீடு உண்டா, வானிலை மோசமானால் பணம் திரும்பக் கிடைக்குமா. கடைசிக் கேள்வி முக்கியம். பணம் திரும்பாது என்றால் விமானியும் பயணியும் மேகத்துக்குள் போவார்கள். பத்துக் குடும்பம் கேட்டால் ஏஜென்ட் பதில் தயார் செய்வார். நம் கூட்டமைப்பு இதை ஒரு பக்கத் துண்டறிக்கையாகத் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் போடலாம். கோயில் வாசலில் சண்டை போடாமல், சிரித்த முகத்தோடு கொடுக்கலாம்.

மூன்றாவது, அங்கே ஏற்கெனவே போராடுபவர்களைத் தேடுங்கள். ஜோஷிமட் பச்சாவ் சங்கர்ஷ் சமிதி 2023இல் மாதக்கணக்கில் தர்ணா இருந்தது. ரேணியின் பெண்கள் ஐம்பது வருஷமாகப் பேசுகிறார்கள். நாம் அவர்களுக்காகப் பேச வேண்டாம். ஒரு மாலை அவர்களைப் பேசவைத்து, நம் அம்மா அப்பாக்களைக் கேட்கவைத்தால் போதும். நான் மொழிபெயர்க்க ஆள் தேடுகிறேன், இந்தி நன்றாகத் தெரிந்தவர்கள் பதில் எழுதுங்கள்.

நான்காவது, தெய்வம் கீழே இறங்கும் பருவத்தைப் பற்றிச் சொல்லுங்கள். இது எனக்கே புதிது. தீபாவளியை ஒட்டி நடை சாத்திய பிறகு கேதார்நாத்தின் உற்சவமூர்த்தியைப் பல்லக்கில் தூக்கி, நடந்தே கீழே உக்கிமட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். சுமார் 1,300 மீட்டர் உயரம், வாசல் வரை சாலை. ஆறு மாதம் பூஜை அங்கேதான். கங்கோத்ரிக்கு முக்பா, யமுனோத்ரிக்கு கர்சாலி, பத்ரிக்கு ஜோஷிமட்டும் பாண்டுகேஷ்வரும். குளிரில் மலைக்கு ஓய்வு வேண்டும், ஏற முடியாதவர்களுக்கும் தரிசனம் வேண்டும் என்று மலைக்காரர்களே கண்டுபிடித்த ஏற்பாடு. அரசு இதையும் "குளிர்கால யாத்திரை" என்று விற்கத் தொடங்கிவிட்டது. 2025 மார்ச்சில் பிரதமரே முக்பாவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். விட்டால் அங்கும் ஹெலிபேட் வரும். ஆகவே இதுவும் தூய்மையான வழி இல்லை. போவதற்குச் சாலையும் அதே சாலைதான். தூய்மையான வழி என்று ஒன்று கிடையாது, குறைவாகக் கெடுக்கும் வழி உண்டு.

போன வாரம் இதை அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை கத்தவில்லை. ஷீட்டைத் திறந்து, புதிய பத்தியைக் காட்டி, ஒவ்வொரு வரிசையாகப் படித்தேன். சில்க்யாரா வந்தபோது, "தீபாவளி அன்னைக்கா?" என்று மட்டும் கேட்டார். பெரியம்மா கோபப்பட்டார். "எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடி. நாங்க எப்பதான் போறது?" நியாயமான கேள்வி. இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கத் தங்களுக்கென்று கேட்டது இந்த ஒன்றைத்தான்.

அம்மா உக்கிமட்டின் படத்தைக் கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். "மேல போகாம வந்தா தாத்தா ஒத்துக்குவாரா?" என்றார். அப்பரின் கதையைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதாக்கும்," என்றார். பிறகு, "டிசம்பர்ல ஆபீஸ் ஒரு வாரம் மூடுவாங்க. லீவு போடாமலே ஒன்பது நாள் வரும். ரொம்பக் குளிருமோ?"

இன்னும் முடிவாகவில்லை. ஏஜென்டின் முன்பணக் கெடு வெள்ளிக்கிழமை. நானும் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கோயிலுக்குள் வருவேனா என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பையைத் தூக்குவேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு மேசையில் இப்போது எந்த ஷீட் திறந்திருக்கிறது? எழுதுங்கள்.

தோழமையுடன்,
பிரிட்ஜ்வாட்டரிலிருந்து